காற்றடிக்கும் இடத்தில் குடும்ப டென்ட்: வாசலில் எதைச் சேர்ப்பது?

நான்கைந்து பேர் தங்கும் டென்டில் இட நெருக்கடி முதலில் தெரிவது வாசலில்தான். சேறு ஒட்டிய செருப்பு, நனைந்த மழைக்கோட்டு, மடக்கு நாற்காலி, அடுப்பு, தண்ணீர்க் கேன், பிள்ளைகளின் பந்து எல்லாம் அங்கேதான் வந்து குவியும். அதனால்தான் குடும்ப டென்ட் வைத்திருப்பவர்கள் சீக்கிரமே போர்ச் எக்ஸ்டென்ஷன், அதாவது வாசலின் முன்பகுதியை (போர்ச்) நீட்டச் சேர்த்து மாட்டும் துணிக்கூடம், தேடத் தொடங்குகிறார்கள். காற்றில்லாத இடத்துக்கு எதை வாங்கினாலும் சரிதான், அழகாக நிற்கும்.

கடற்கரை, மலைமேடு, பெரிய ஏரிக்கரை, மரமில்லாத வெளி என்று போகிறவர்களுக்கு அப்படி இல்லை. அங்கே காற்று முதலில் கைவைப்பது இந்த முன்பகுதியில்தான். வாங்கும்போது பரப்பளவு, உயரம், ஜன்னல் எல்லாம் பார்ப்போம். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. நள்ளிரவில் காற்று ஏறுகிறது என்று வையுங்கள். டென்டைத் தொடாமல், உள்ளே தூங்குகிறவர்களை எழுப்பாமல், இந்தச் சேர்ப்பை மட்டும் பத்து நிமிடத்தில் கழற்றிச் சுருட்டி வைக்க முடியுமா? முடியும் என்றால் காற்றுள்ள இடத்துக்கு அது சரியான பொருள். முடியாது என்றால் துணி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நான் அதை வாங்க மாட்டேன். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

காற்று எவ்வளவு தள்ளுகிறது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு விசை நான்கு மடங்காகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 54 கிலோமீட்டரில் அது 14 கிலோ. 72 கிலோமீட்டரில் 25 கிலோ.

இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள ஒரு மூடிய எக்ஸ்டென்ஷனின் பக்கச்சுவர் நான்கு சதுர மீட்டர். பக்கவாட்டில் 36 கிலோமீட்டர் காற்று அடித்தால் அந்தச் சுவர் மட்டும் ஏறக்குறைய 25 கிலோ சுமையை வாங்குகிறது. 72 கிலோமீட்டர் வீச்சு வந்தால் அது 100 கிலோ. வளைந்த சுவரில் இது கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் காற்று சீராக அடிப்பதில்லை, விட்டு விட்டு மோதுகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் முளை மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து இளகுகிறது.

வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் திறந்த வெளியில், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படும் சராசரி. டென்ட் உயரத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் திடீர் வீச்சுகள் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு வரை போவது சாதாரணம். அறிக்கையில் வீச்சு வேகம் என்று தனியாக ஒரு எண் இருக்கும். டென்டுக்கு அந்த எண்தான் முக்கியம். சராசரியை மட்டும் பார்த்துவிட்டுப் பந்தல் கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கையில் சிக்னல் இல்லாத இடத்தில் மரம்தான் மீட்டர். பிரான்சிஸ் போஃபோர்ட் 1805இல் கப்பல்களுக்காக வகுத்த காற்று அளவுகோலைப் பிற்பாடு நிலத்துக்கும் பொருத்தினார்கள். இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் அது ஐந்தாம் எண், மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். பெரிய கிளைகள் அசைந்து, கம்பிகளில் சீழ்க்கை ஒலி கேட்டு, குடை பிடிப்பது கஷ்டமானால் ஆறு, 39 முதல் 49. மரம் முழுவதும் ஆடி, எதிர்க்காற்றில் நடக்கச் சிரமப்பட்டால் ஏழு, 50 முதல் 61. என் கணக்கில் ஐந்து வந்தால் கயிறுகளைச் சரிபார்க்க வேண்டும். ஆறு வந்தால் திறந்த பந்தல் எதுவும் நிற்கக் கூடாது. ஏழு வரும் என்று தெரிந்தால் வாசலில் எந்தச் சேர்ப்பும் இருக்கக் கூடாது. உங்கள் டென்ட் தயாரிப்பாளர் இதைவிடக் குறைந்த வரம்பு சொல்லியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். டென்டுக்கு ஒரு வரம்பும் அதன் முன்பந்தலுக்கு அதைவிடக் குறைவான வரம்பும் இருக்கலாம். இரண்டையும் தேடிப் பாருங்கள்.

ஜிப் போட்டு இணைக்கும் மூடிய முன்னறை

பெரும்பாலோர் ஆசைப்படுவது இதற்குத்தான். டென்டின் முன்வளைவோடு ஜிப் அல்லது பட்டை வழியாக இணைந்து, தனக்கென ஒன்றோ இரண்டோ வளைவுகளோடு, முன்னாலும் பக்கத்திலும் சுவரோடு வரும். மழை உள்ளே வராது, பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடலாம், ஈரமான பொருட்களுக்குத் தனி இடம் கிடைக்கும். எல்லாப் பக்கமும் மூடியிருப்பதால் காற்று உள்ளே புகுந்து தூக்காது. அந்த வகையில் திறந்த பந்தலைவிட இது பல மடங்கு நல்லது.

சிக்கல் இரண்டு இடத்தில் வரும். முதலாவது, திசை. நீண்ட குகை வடிவ டென்டுகளைத் தாழ்வான பின்முனை காற்றைப் பார்க்கும்படி போட வேண்டும். அப்போது முன்னறை காற்றுமறைவில் இருக்கும், அதற்குப் பெரிய சுமை இல்லை. பக்கவாட்டுக் காற்றுதான் வினை. எக்ஸ்டென்ஷன் போட்டதும் டென்டின் பக்கப் பரப்பு கூடுகிறது, அதைத் தாங்க மேலும் ஒரு ஜோடி கயிறு மட்டுமே கூடுகிறது. நீளம் கூடக் கூட டென்ட் பக்கவாட்டில் அதிகமாக நெளியும்.

காற்று ஒரே திசையில் நிற்பதும் இல்லை. கடற்கரையில் பகலில் கடலிலிருந்து வீசும், இரவில் நிலத்திலிருந்து வீசும். மலைச்சரிவில் பகலில் மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் ஓடும். குளிர்முகப்பு (முன்னேறி வரும் குளிர்காற்றின் முன்விளிம்பு) ஒன்று கடந்து போனால் வட அரைக்கோளத்தில் காற்று கடிகார முள் போகும் திசையிலும், தென் அரைக்கோளத்தில் அதற்கு எதிராகவும் திரும்பும். சில நிமிடத்திலேயே திரும்பிவிடுவதும் உண்டு. மாலையில் டென்டின் முதுகில் அடித்த காற்று விடியும்போது விலாவில் அடிக்கலாம். அதனால் இப்போது அடிக்கும் திசையை மட்டும் பார்த்து முன்னறை போடாதீர்கள், மறுநாள் காலை வரைக்குமான திசை மாற்றத்தையும் பாருங்கள்.

இரண்டாவது சிக்கலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. டென்டின் முன்வளைவை இழுத்து நிறுத்தும் கயிறுகள் வாசலுக்கு முன்னால் இறங்கும். முன்னறையை மாட்டியதும் அந்தக் கயிறுகள் அதன் உள்ளே வந்துவிடும், காலில் தடுக்கும். உடனே அவற்றை அவிழ்த்துவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து டென்டின் முன்வளைவு தன் காலில் நிற்கவில்லை. முன்னறையின் கயிறுகள்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ராத்திரி காற்று ஏறி முன்னறையைக் கழற்றலாம் என்று போனால், கழற்றிய கணமே டென்டும் முன்னால் தளர்ந்து தொய்ந்துவிடும். கழற்றவும் முடியாது, விடவும் முடியாது என்ற நிலை அது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. முன்வளைவிலிருந்து பக்கவாட்டில், முன்னறைச் சுவருக்கு வெளியே இறங்கும்படி ஒரு ஜோடி கயிறு கட்டுங்கள். டென்ட் முதலில் தனியாக, முழு இறுக்கத்தோடு நிற்க வேண்டும், அப்புறம்தான் முன்னறை. முன்பக்கக் கயிறுகளை எடுக்கத்தான் வேண்டும் என்றால் அவற்றை வளையத்திலிருந்து கழற்றாமல், சுருட்டி ரப்பர் பட்டை போட்டு அங்கேயே தொங்கவிடுங்கள். முளைகளையும் அதே புள்ளியில் மண்ணோடு மண்ணாக அடித்து வையுங்கள். தேவைப்படும்போது இழுத்து மாட்டினால் போதும். இந்த ஏற்பாடு இருந்தால் ஜிப் முன்னறை என் கேள்வியில் தேறிவிடும்.

ஜிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு துணிகளையும் தைத்தது போல ஒன்றாக்கிவிடுவதால் காற்றும் மழையும் இடையில் நுழையாது. ஆனால் பக்கவாட்டு இழுப்பு முழுவதும் பல்வரிசையில் விழுந்தால், ஓட்டி இருக்கும் இடத்துக்குக் கீழே ஜிப் வாய் பிளக்கும். அடிப்பகுதியில் ஜிப்புக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியோ பக்கிளோ இருக்கிறதா என்று பாருங்கள். அதைத்தான் முதலில் மாட்ட வேண்டும், கடைசியில் கழற்ற வேண்டும். இழுப்பை அது வாங்கிக்கொள்ளும், ஜிப்புக்கு மூடும் வேலை மட்டும் மிஞ்சும். ஜிப் இல்லாமல் டென்டின் மேல் போர்த்திப் பட்டையால் இழுத்துக் கட்டும் வகையும் உண்டு. வேறு வேறு டென்டுகளுக்குப் பொருந்தும் என்பது அதன் நன்மை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும், அதில் காற்று புகுந்து இரவு முழுக்கப் படபடக்கும் என்பது தீமை. கழற்றுவதில் மட்டும் அது ஜிப்பை முந்தும்.

திறந்த முன்பந்தல்

கூரை மட்டும், முன்னால் இரண்டு கம்பி. எடை குறைவு, விலை குறைவு, ஐந்து நிமிட வேலை. வெயிலுக்கும் சாரலுக்கும் இதைவிடச் சுகமானது வேறு இல்லை. காற்றுக்கு இதைவிட மோசமானதும் வேறு இல்லை.

கீழே நுழையும் காற்று கூரையை மேலே தள்ளும். மேலே ஓடும் காற்று அதே கூரையை உறிஞ்சி இழுக்கும். இரண்டும் ஒரே பக்கம் வேலை செய்வதால், அடியில் காற்று புகுந்த குடை மாதிரி துணி மேல்நோக்கிப் புடைக்கும். அந்த நொடியில் கம்பியின் மேல் சுமையே இருக்காது, கம்பி தொளதொளவென்று ஆடி வளையத்திலிருந்து நழுவி விழும். கயிறு மட்டும்தான் மிச்சம். அதுவும் மேல்நோக்கி இழுபடும்போது முளை நேராகப் பிடுங்கிக்கொண்டு வரும். பறந்து வரும் கம்பி பக்கத்து டென்டில் ஆளிருக்கும் இடத்தில் போய்க் குத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதில் நான் கறாராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

பக்கத்தில் சுவர்த் துணி மாட்டிக்கொள்ளும் பந்தல்கள் உண்டு. காற்று வரும் பக்கம் ஒன்றை மட்டும் மாட்டினால் உதவும். இரண்டு பக்கமும் மாட்டி, முன்பக்கம் திறந்து, அந்த முன்பக்கம் காற்றைப் பார்த்து நின்றால் நிலைமை முழுத் திறந்த பந்தலைவிட மோசம். உள்ளே வந்த காற்றுக்குப் போக்கிடம் இல்லை, உள்ளிருந்து அழுத்தும் விசையும் வெளியிலிருந்து உறிஞ்சும் விசையும் கூடி ஒன்றாகும். பாதி மூடுவது பாதிப் பாதுகாப்பு என்று தோன்றும். காற்றில் அந்தக் கணக்கு செல்லாது.

ஆனாலும் என் கேள்விக்கு இந்தப் பந்தல் நல்ல பதிலே சொல்கிறது. இரண்டு கம்பியை எடுத்துக் கூரையைச் சுருட்டி டென்டின் வாசலுக்கு மேலேயே கட்டிவிடலாம், ஒரே ஆள் போதும். ஆகவே பகலில் ஆள் பக்கத்தில் இருக்கும்போது போட்டு, இருட்டும் முன்பும் வெளியே கிளம்பும் முன்பும் இறக்கிவிடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்களுக்கு வேண்டாம்.

தார்ப்பாய்

தனியாக ஒரு தார்ப்பாய், உயரம் மாற்றக்கூடிய இரண்டு கம்பி, கொஞ்சம் கயிறு. டென்டோடு எந்த இணைப்பும் இல்லை, வாசலுக்கு முன்னால் தனியாக நிற்கும். குடும்ப டென்ட் வைத்திருப்பவர்கள் இதைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. காற்று ஏற ஏற இதை மட்டும்தான் படிப்படியாக இறக்க முடியும்.

காற்று மெதுவாக இருக்கும்போது நான்கு மூலையும் உயரமாகக் கட்டிப் பந்தலாக வைக்கலாம். கொஞ்சம் ஏறினால் காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையோடு முளையடித்துச் சாய்ப்பாக மாற்றலாம். அப்போது அடியில் காற்று புகாது, சாய்வின் மேல் ஏறி ஓடிவிடும். இன்னும் ஏறினால் கம்பியைப் பாதி உயரத்துக்குக் குறைக்கலாம். அதற்கும் மேல் என்றால் கம்பியை உருவினால் போதும். துணி தரையில் படுத்துவிடும், மூலைகள் முளையில் இருப்பதால் பறக்காது, நிதானமாகச் சுருட்டலாம். டென்டுக்கு எந்தச் சேதமும் இல்லை.

விளிம்புகள் உள்நோக்கி மெல்ல வளைந்து வெட்டப்பட்ட தார்ப்பாய் கிடைத்தால் அதை வாங்குங்கள். நேர் விளிம்புள்ளது எவ்வளவு இழுத்தாலும் நடுவில் தொய்ந்து படபடக்கும், அந்தச் சத்தமே தூக்கத்தைக் கெடுக்கும். தார்ப்பாயின் கயிற்றை டென்டின் கம்பியிலோ வளையத்திலோ கட்டக் கூடாது. இடம் மிச்சம் என்று கட்டுவார்கள், தார்ப்பாய் வாங்கும் ஒவ்வொரு வீச்சும் டென்டுக்குப் போகும். வாசலுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் ஒரு சாண் திறப்பு இருந்தாலும் பரவாயில்லை. மழையோடு காற்று வந்தால் அந்தத் திறப்பில் நனைவீர்கள், குளிருக்கும் இது மறைப்பாகாது. இந்த இரண்டு குறையும் உண்மையானவை. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு அதுவே பெரிய குறையாக இருக்கலாம்.

தனி நிழற்கூடம், காற்றுத் தட்டி

இழுத்தால் விரியும் நான்கு கால் நிழற்கூடத்தைக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். கூரை பெரிது, கால் மெலிசு, கயிறு கட்டச் சரியான இடமும் பெரும்பாலும் இருக்காது. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, பல இடத்தில் முட்டுக் கொடுக்கும் கவிழ்ந்த கிண்ண வடிவக் கூடங்கள் நன்றாக நிற்கும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் அவற்றுக்குப் பெரிய வித்தியாசமில்லை. இடமும் எடையும் அதிகம். காரில் இடமிருந்து, ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறவர்களுக்குச் சரி.

காற்றுத் தட்டி என்பது கம்பங்களில் துணி கோத்து வாசலைச் சுற்றி நட்டு வைக்கும் தாழ்ந்த மறைப்பு. கூரை இல்லாததால் தூக்கு விசை என்ற பேச்சே இல்லை. முழுக்க அடைத்த தட்டியைவிடக் கொஞ்சம் காற்று ஊடுருவும் வலைத்துணித் தட்டி நல்லது. அடைத்த சுவரின் மேல் ஏறிய காற்று அடுத்த பக்கம் சுழன்று இறங்கி டென்டை மோதும். ஊடுருவும் தட்டி காற்றை நிறுத்துவதில்லை, வேகத்தைத் தணித்து அனுப்புகிறது. மரவேலிகளில் பாதிக்குப் பாதி திறப்பு இருப்பது நல்ல பலன் தரும் என்பதும் இதே காரணத்தால்தான். டென்ட் போட இடம் தேடும்போதும் இதை நினைவில் வையுங்கள். அடர்ந்த புதர்வேலியின் மறைவு கற்சுவரின் மறைவைவிட அமைதியாக இருக்கும். பெரிய மரத்தின் அடி மட்டும் வேண்டாம், கிளை முறிந்து விழும்.

தட்டியின் ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு பக்கமும் கயிறு வேண்டும். நடுக் கம்பங்களுக்குக் கயிறு தேவையில்லை என்று விட்டால் முதல் வீச்சிலேயே தட்டி படுத்துவிடும்.

டென்டிலேயே கொஞ்சம் விசாலமான போர்ச் இருந்தால், அதோடு ஒரு தட்டி. கடுமையான காற்றுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. இன்னும் டென்ட் வாங்காதவர்கள், பின்னால் எக்ஸ்டென்ஷன் சேர்த்துக்கொள்ளலாம் என்று சின்ன போர்ச் உள்ளதை எடுப்பதைவிட, போர்ச் உடம்போடு சேர்ந்து வருகிற டென்டை எடுங்கள். அதன் வளைவுகளும் கயிறுகளும் முதலிலிருந்தே ஒரே கட்டமைப்பாக யோசித்துச் செய்யப்பட்டவை.

கம்பியும் காற்றுக்குழாயும்

எக்ஸ்டென்ஷனின் எலும்பு எதனால் ஆனது என்பது, அது எப்படி நிற்கும் என்பதைவிட எப்படித் தோற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபைபர்கிளாஸ் கம்பி நீளவாக்கில் பிளந்து சிலும்பும். அந்தச் சிலும்பு துணியையும் கிழிக்கும், கையிலும் ஏறும். ஒரு துண்டை மாற்றிவிட்டால் மறுபடி நிற்கும் என்பது அதன் நல்ல பக்கம். எஃகுக் கம்பி வளைந்தால் வளைந்ததுதான். அலுமினியக் கலவைக் கம்பி நன்றாக நெளிந்து கொடுத்து மீளும், விலைதான் கூடுதல். பந்தலுக்கு வரும் நீட்டிக் குறைக்கும் கம்பிகளில், முறுக்கிப் பூட்டும் வகை காற்றின் அதிர்வில் மெல்ல இறங்கிவிடும். நெம்பிப் பூட்டும் வகை பரவாயில்லை.

காற்றடைத்த குழாய் பலமான வீச்சில் மடங்கி, வீச்சு போனதும் தானே நிமிரும். உடைய ஒன்றுமில்லை. ஆனால் அதன் பலம் முழுவதும் உள்ளே இருக்கும் அழுத்தம்தான், அது வெப்பநிலையோடு மாறும். மதியம் 30 டிகிரியில் 7 பிஎஸ்ஐ (பம்ப்பில் காட்டும் அழுத்த அளவு) வைத்த குழாய், இரவு 10 டிகிரிக்கு இறங்கும்போது ஐந்தரை அளவுக்கு வந்துவிடும். காற்று ஏறுவதும் அதே இரவில்தான் என்றால், தொய்ந்த வளைவு தேவைக்கு மேல் நெளியும். படுக்கப் போகும் முன் பம்ப்பை எடுத்து ஒருமுறை அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு ஏற்றிவிடுங்கள். காலையில் வெயில் ஏறினால் கொஞ்சம் இறக்கவும் மறக்க வேண்டாம். காற்றுக்குழாய் டென்டையும் கம்பி எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து மாட்டும்போது ஒன்று நெளியும், மற்றது விறைத்து நிற்கும். நடுவிலுள்ள ஜிப்தான் அடிபடும். முடிந்தவரை இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும்.

பெட்டியோடு வரும் மெல்லிய வளைகம்பி முளைகள் எக்ஸ்டென்ஷனின் சுவரைத் தரையோடு பிடிக்கப் போதும், கயிறுகளுக்குப் போதாது. கயிறு முளைகளை மண்ணைப் பார்த்து வாங்குங்கள். மணலுக்கு அகலமான நீள முளை, இறுகிய சரளைக்குக் கெட்டி எஃகு ஆணி, புல்தரைக்கு V வடிவ முளை. முளையின் தலை டென்டிலிருந்து வெளியே சாய்ந்திருக்க வேண்டும், கயிறு தரையை ஒட்டிய இடத்தில் மாட்ட வேண்டும். கயிறு எவ்வளவு தாழ்வாக, தொலைவாக இறங்குகிறதோ அவ்வளவுக்கு மேல்நோக்கிய இழுப்பு குறையும். நைலான் கயிறு நனைந்தால் நீளும். ராத்திரி மழை விட்டதும் ஒரு சுற்று வந்து இறுக்குங்கள், அல்லது முதலிலேயே பாலியெஸ்டர் கயிறாக மாற்றிவிடுங்கள்.

மூடிய முன்னறையும் அடுப்பும்

காற்று அடித்தால் வெளியே அடுப்பு நிற்காது. உடனே அதை முன்னறைக்குள் கொண்டுவரத் தோன்றும், குளிருக்கு ஜிப்பையும் மூடத் தோன்றும். மூடிய முன்னறைக்கும் தூங்கும் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய துணிதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரியடுப்பு சுடர் அணைந்து சாம்பல் பூத்த பிறகும் அதை வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை உள்ளே எடுத்து வைத்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். எந்த எக்ஸ்டென்ஷனாக இருந்தாலும் கரியடுப்பு உள்ளே வரக் கூடாது, அலாரம் வைத்திருந்தாலும் சரி. கேஸ் அடுப்பையும் காற்றுத் தட்டியின் மறைவில், டென்டுக்கு வெளியே வையுங்கள். அதற்கும் வழியில்லாத காற்று என்றால் அன்றைக்குச் சமைக்காத சாப்பாடுதான்.

அதோடு, முன்னறை போட்டதும் டென்டின் ஒரே வாசல் அதன் வழியாகத்தான் என்றால் யோசியுங்கள். பின்னாலோ பக்கத்திலோ இன்னொரு கதவு இருக்கும் டென்டுக்கே மூடிய முன்னறையை நான் சொல்வேன்.

யாருக்கு எது

பெரும்பாலும் மறைவான இடங்களில், எப்போதாவது காற்றில் மாட்டுகிறவர்கள் ஜிப் முன்னறையை வாங்கலாம். பக்கவாட்டுக் கயிறு ஏற்பாட்டை வீட்டு வாசலிலோ மைதானத்திலோ ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள். இருட்டில் கழற்றிப் பார்ப்பதும் அந்த ஒத்திகையில் சேர்த்தி. கடற்கரையும் மேடும்தான் வழக்கம் என்றால் தார்ப்பாயும் தட்டியும் சேர்ந்த ஜோடி. விலையிலும் எடையிலும் அதுவே மலிவாக முடியும். இரண்டு இரவுக்கு மேல் தங்காதவர்கள் எதையும் சேர்க்காமல் ஒரு தட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். செருப்புக்கும் ஈரக் கோட்டுக்கும் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும், அது பறக்காது.

இறக்கும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காற்று ஏறும் என்று அறிக்கை சொன்னால் வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். இறக்கும் வரிசை இதுதான். முதலில் உள்ளே உள்ள நாற்காலி, மேசை, விளக்கு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். டென்டின் சொந்த முன்கயிறுகளை மாட்டி இறுக்குங்கள். அப்புறம் எக்ஸ்டென்ஷனின் கதவுகளைத் திறந்து காற்றுக்கு வழி விடுங்கள். காற்றுமறைவுப் பக்கத்துக் கயிறுகளை முதலில் அவிழ்த்து, கம்பிகளை உருவி, துணியைத் தரையில் படுக்க வையுங்கள். துணியின் மேல் ஒருவர் மண்டியிட்டு அமர்ந்துகொண்டால் மற்றவர் ஜிப்பை இழுப்பில்லாமல் திறக்கலாம். காற்று வரும் பக்கத்து முளைகள் கடைசி வரைக்கும் மண்ணிலேயே இருக்கட்டும். சுருட்டியதை டென்டுக்குள் வைக்காமல் காரில் போடுங்கள். ஈரத்தோடு சுருட்டியிருந்தால் வீட்டுக்கு வந்த மறுநாளே விரித்துக் காயவைத்து, வளையம் தைத்த மூலைகளையும் ஜிப்பின் அடிப்பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தையல் துளைகள் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் அந்த மூலைக்கு ஒட்டுத்துணி வைத்துத் தைக்க வேண்டும்.